தொடவே தொடாத ஃபங்ஷனை ஏன் மாற்றினாய் என்கிறார்கள். கிட் டிஃப் பொய் சொல்லுமா?

அரைப்புள்ளி:

வணக்கம். இரண்டு நாளாக ஒரே எரிச்சல், யாராவது விளக்கினால் புண்ணியம். நான் செய்தது மொத்தமே இரண்டு காரியம். ஒரு ஃபைலின் தலையில் புதிதாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன், அதே ஃபைலின் கடைசியில் யாரும் கூப்பிடாமல் கிடந்த பழைய ஃபங்ஷன் ஒன்றைத் தூக்கினேன். நடுவில் இருக்கிற ஃபங்ஷனில் என் கை படவே இல்லை. ஆனால் கிட் (நிரல் ஃபைல்களின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் மென்பொருள்) காட்டும் டிஃப்பை, அதாவது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை, திறந்தால் அந்த நடு ஃபங்ஷன்தான் கிழிந்து தொங்குகிறது. பெயர்களை மாற்றி, சுருக்கி ஒட்டுகிறேன் (கழித்தல் குறி நீக்கிய வரி, திரையில் சிவப்பு; கூட்டல் குறி சேர்த்த வரி, பச்சை):

-செயல் தொகை_கணக்கிடு(பட்டியல்) {
+செயல் பெயர்_திருத்து(பெயர்) {
     பூட்டு()
-    தொகை = கூட்டு(பட்டியல்)
+    பெயர் = ஒழுங்கு(பெயர்)
     திற()
-    திருப்பு தொகை
+    திருப்பு பெயர்
 }

-செயல் பழைய_சோதனை(பெயர்) {
+செயல் தொகை_கணக்கிடு(பட்டியல்) {
     பூட்டு()
-    அச்சிடு(பெயர்)
+    தொகை = கூட்டு(பட்டியல்)
     திற()
+    திருப்பு தொகை
 }

ரிவ்யூ செய்தவர் "தொகை_கணக்கிடு நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, அதை எதற்கு மாற்றி எழுதினீர்கள்?" என்று கேட்டு நிறுத்தி வைத்துவிட்டார். நான் மாற்றவில்லை என்றால் திரையைக் காட்டுகிறார். கிட்டுக்கு நான் செய்தது தெரியாதா? தெரிந்தும் இப்படிக் காட்டுகிறதா?

இன்னொன்றும் இருக்கிறது. அதே கமிட்டில் (கிட்டில் ஒருமுறை பதிவு செய்வது) இன்னொரு ஃபைலில் ஒரே ஒரு சொல்தான் மாற்றினேன். அங்கே முழு ஃபைலும் சிவப்பு, அதன் கீழே முழு ஃபைலும் பச்சை. அது வேறு கதையா, இதே கதையா தெரியவில்லை.


டெர்மினல்_தாத்தா:

பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் தலையில் எழுதினீர்களா, நடுவில் நுழைத்தீர்களா, வெட்டி ஒட்டினீர்களா, இது எதுவுமே கிட்டிடம் பதிவாவதில்லை. ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்தில் ஃபைல்கள் முழுவதுமாக எப்படி இருந்தன என்பதன் படம். டிஃப் என்று நீங்கள் பார்ப்பது எங்கேயும் சேமித்து வைத்ததல்ல. நீங்கள் கேட்கும் அந்த நொடியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, "இதிலிருந்து அதற்குப் போக என்ன செய்திருக்கலாம்" என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்வது. (கிட் தன் தரவைச் சுருக்கி வைக்கும் பேக் ஃபைல்களுக்குள் டெல்டா, அதாவது வித்தியாசம் மட்டும், இருக்கிறதே என்று யாராவது வருவதற்கு முன்னால்: அது இடத்தை மிச்சப்படுத்த. நீங்கள் திரையில் பார்க்கும் டிஃப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இனி, எப்படிக் கணக்குப் போடுகிறது என்பது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் கிட் ஓட்டுவது யூஜின் மையர்ஸ் 1986-ல் வெளியிட்ட முறை. அதற்கு ஒரே ஆசைதான்: சேர்த்த வரிகளும் நீக்கிய வரிகளும் கூட்டினால் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். உங்கள் உதாரணத்தையே எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஒட்டியதில் சிவப்பு 5, பச்சை 6, ஆக 11. நீங்கள் எதிர்பார்த்தபடி, அதாவது தலையில் புது ஃபங்ஷன் முழுதாகப் பச்சை, கடைசியில் பழையது முழுதாகச் சிவப்பு, நடுவில் இருப்பது சும்மா வெள்ளை என்று காட்டியிருந்தால், காலி வரியையும் சேர்த்துப் பச்சை 7, சிவப்பு 6, மொத்தம் 13. பதினொன்று பதின்மூன்றைவிடக் குறைவு. அதனால் அதுதான் ஜெயித்தது. பூட்டு(), திற(), அடைப்புக்குறி, காலி வரி, இவை எல்லா ஃபங்ஷனிலும் இருக்கின்றன, இரண்டு பக்கமும் பொருந்துகிற வரி என்று இவற்றை அள்ளிக்கொண்டது. ஆறு வரிகள் உள்ள உங்கள் நடு ஃபங்ஷனை அப்படியே பொருத்துவதைவிட, இந்த உதிரி வரிகளில் ஏழைப் பொருத்துவது அதன் கணக்கில் லாபம். அர்த்தம் பார்க்கிற வேலை அதனுடையதல்ல, அதற்கு உங்கள் நிரல் வெறும் வரிகளின் அடுக்கு.

அப்புறம் அந்த வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஃப் 1974-ல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வந்தது, டக்ளஸ் மெக்கில்ராய் பெல் லேப்ஸில் எழுதியது. அப்போது அதன் வெளியீடு கிட்டத்தட்ட எட் என்ற பழைய யூனிக்ஸ் எடிட்டருக்குக் கொடுக்கிற உத்தரவு மாதிரி இருக்கும், இந்த வரியை நீக்கு, அந்த வரிக்குப் பின் இதைச் சேர் என்று. 1985-ல் லாரி வால் பேட்ச் எழுதினார், ஒருவர் டிஃப்பை அஞ்சலில் அனுப்ப மற்றவர் அதைத் தன் ஃபைலில் ஏற்றிக்கொள்ளலாம் என்றானது. இன்றைக்கு நாம் பார்க்கும் கூட்டல், கழித்தல் குறி போட்ட வடிவம் 1990-ல் வந்தது. மேலும் கீழும் மூன்று மூன்று மாறாத வரி வைப்பது உங்கள் கண்ணுக்காக மட்டுமில்லை, வரி எண் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் பேட்ச் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகவும்தான். ஒரு மெஷின் தின்பதற்கு ஏற்றபடி சமைத்ததை நாம் கதைப் புத்தகம் மாதிரி படித்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ரிவ்யூவர் அப்படித்தான் படித்திருக்கிறார்.


கீற்று:

தாத்தா சொன்ன காரணம் சரி, மருந்தை நான் சொல்கிறேன். கிட் டிஃப் கட்டளையோடு --பேஷன்ஸ் அல்லது --ஹிஸ்டோகிராம் என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் உதாரணம் இதற்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

பேஷன்ஸ் என்பது பிராம் கோஹன் (பிட்டோரண்ட் எழுதியவரேதான்) யோசித்த முறை. பழைய ஃபைலில் ஒரே ஒரு முறை, புதிய ஃபைலிலும் ஒரே ஒரு முறை வருகிற வரிகளை முதலில் தேடிப் பிடித்து, அவற்றை ஆணி அடித்த மாதிரி பொருத்திவிட்டு, மீதியைத்தான் நடுவில் நிரப்பும். உங்களுக்கு அப்படிப்பட்ட வரிகள் தொகை_கணக்கிடு என்ற தலைப்பு வரி, கூட்டு(பட்டியல்) வரி, திருப்பு தொகை, இந்த மூன்றும். பூட்டு(), திற() எல்லாம் இரண்டு இரண்டு முறை வருவதால் ஆணியாக முடியாது. மூன்று ஆணி விழுந்ததும் நடு ஃபங்ஷன் அசையாமல் நிற்கும், 13 வரி வந்தாலும் படித்தால் புரியும். ஹிஸ்டோகிராம் அதன் நீட்சி, ஜாவாவில் எழுதிய கிட்டான ஜேகிட்டிலிருந்து வந்தது, ஒரே முறை வருகிற வரி இல்லாவிட்டால் குறைந்த முறை வருகிற வரியைப் பிடித்துக்கொள்ளும். நான் என் கணக்கில் டிஃப்.அல்காரிதம் என்ற அமைப்பை ஹிஸ்டோகிராம் என்று நிரந்தரமாகவே வைத்துவிட்டேன், திரும்பிப் பார்த்ததில்லை.

இரண்டாவது கேள்வி வேறு கதை. வரி முடிவுதான் மாறியிருக்கும், அல்லது சேமிக்கும்போது எடிட்டர் தானாக வடிவமைத்திருக்கும். விண்டோஸில் ஒரு வரி இரண்டு குறிகளோடு முடியும், லினக்ஸில் ஒன்றோடு. அந்தக் கூடுதல் குறி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வரிக்கு வரி ஒப்பிடுகிற நிரலுக்கு எல்லா வரியுமே மாறிவிட்டது. --இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு வரி மிஞ்சினால் அதுதான் காரணம். அப்படியென்றால் டிஃப்பைச் சரிசெய்து பயனில்லை, ஃபைலைச் சரிசெய்யுங்கள், கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் வரி முடிவு என்னவென்று எழுதிவையுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் வேறொருவர் திருப்பி மாற்றுவார், பிளேமில் (எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கட்டளை) எல்லா வரியும் அவர் பெயரில் நிற்கும்.


அரைப்புள்ளி:

கீற்று, ஓட்டிப் பார்த்தேன். முதல் ஃபைல் அப்படியே நீங்கள் சொன்னபடி! மேலே ஒரு பச்சைப் பாளம், கீழே ஒரு சிவப்புப் பாளம், நடுவில் வெள்ளை. இரண்டாவதும் வரி முடிவுதான், வீட்டு லேப்டாப்பில் திறந்து சேமித்த பாவம்.

ஆனால் சிக்கல் தீரவில்லை. என் டெர்மினலில் அழகாகத் தெரிகிறது, ரிவ்யூவர் பார்ப்பது பிரௌசரில். அங்கே இன்னும் அதே கிழிசல்தான். என் அமைப்பு அங்கே போய்ச் சேராதா?


வெற்றுவரி:

சேராது. உங்கள் கிட்டின் அமைப்பு உங்கள் கணினியோடு சரி. நீங்கள் தள்ளிவிடுவது கமிட்டைத்தான், டிஃப்பை அல்ல, அந்தப் பக்கம் இருக்கிற சர்வர் தனக்குத் தெரிந்தபடி மறுபடி கணக்குப் போடும். பெரும்பாலான ரிவ்யூ பக்கங்களில் வெற்றிடத்தை மறைக்க ஒரு பொத்தான் இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இதனால்தான் எனக்கு மேலே உள்ள இரண்டு பேரோடும் கொஞ்சம் சண்டை. கருவியைத் திருகிக்கொண்டே இருப்பதைவிட கமிட்டை இரண்டாகப் பிரியுங்கள். முதல் கமிட்டில் பழையதை நீக்குங்கள், வேறொன்றும் வேண்டாம். அடுத்ததில் புதியதைச் சேருங்கள். முதலாவதில் வெறும் சிவப்பு, இரண்டாவதில் வெறும் பச்சை. ஒரு கமிட்டில் நீக்கல் மட்டுமே இருந்தால் எந்த அல்காரிதமும் எதையும் எதோடும் பின்ன முடியாது. யார் எந்தத் திரையில் பார்த்தாலும் புரியும்.

பேஷன்ஸ் எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். நடுவில் நங்கூரமாக ஒரு ஃபங்ஷன் இருந்ததால் உங்களுக்கு வேலை செய்தது. பழைய ஃபங்ஷனை நீக்கிவிட்டு அதே இடத்தில் சம்பந்தமே இல்லாத புதியதை எழுதியிருந்தால்? ஆணி அடித்த பிறகு மிஞ்சுகிற இடைவெளிக்குள் அது மறுபடியும் அதே வேலையைச் செய்யும், அந்தச் சின்ன இடைவெளிக்குள் பூட்டு() ஒரே ஒரு முறைதான் வருகிறது, உடனே அதுவே ஆணி. மறுபடி பின்னல்தான். நான் இதில் மாட்டி அரை மணி நேரம் ஏன் ஏன் என்று முழித்திருக்கிறேன்.

ஃபைல் பெயர் மாற்றுவதிலும் இதே புத்தி வேண்டும். பெயர் மாறியது என்பதையும் கிட் எழுதி வைப்பதில்லை. கிட் மாதிரியே வரலாறு வைக்கும் சப்வெர்ஷனிலும் மெர்க்குரியலிலும் நீங்கள் நகர்த்து என்று சொன்னால் அது பதிவாகும், கிட்டில் அதுவும் ஊகம்தான். ஒரு ஃபைல் காணாமல் போய் இன்னொன்று வந்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு, 50 சதவீதமாவது ஒத்திருந்தால் பெயர் மாற்றம் என்று காட்டும். அதற்குக் கீழே போனால் ஒன்று இறந்தது, ஒன்று பிறந்தது, அவ்வளவுதான். அதனால் நகர்த்துவதற்கு ஒரு கமிட், உள்ளே மாற்றுவதற்கு இன்னொன்று.


டெர்மினல்_தாத்தா:

வெற்றுவரி சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் முந்தாநாள் எழுதி ஏற்கெனவே ஒன்றாகப் பிணைந்துவிட்ட மாற்றத்தைப் பிரிக்கிற வலி தெரிந்தவர்கள் இவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் எழுதிய பத்து வருடத்து வரலாற்றைப் படிக்க உட்காரும்போது பிரிக்கச் சொல்லி யாரிடம் போவது? அங்கே கருவியைத் திருகத்தான் வேண்டும்.

நகர்ந்த வரிகளுக்கு --கலர்-மூவ்டு ஒன்று இருக்கிறது, 2017-ல் கிட் 2.15-ல் வந்தது. ஒரு இடத்தில் நீக்கி இன்னொரு இடத்தில் அப்படியே ஒட்டிய துண்டுக்கு வேறு நிறம் கொடுக்கும். முந்நூறு வரி நகர்த்தலுக்கு நடுவில் ஒருவர் ஒரு நிபந்தனையை மட்டும் கமுக்கமாக மாற்றியிருந்தால் அந்த ஒரு வரி மட்டும் பழைய சிவப்பு, பச்சையில் பளிச்சென்று நிற்கும். நான் ரிவ்யூ செய்யும்போது இது இல்லாமல் நகர்த்தல் கமிட்டைத் தொடுவதே இல்லை.

அப்புறம் அரைப்புள்ளி, இன்னொரு சந்தேகம். இரண்டு இரண்டு அட் குறிகளுக்கு நடுவில் -12,7 +12,9 என்று ஒரு வரி வருமே, அதன் கடைசியில் ஒரு ஃபங்ஷன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்கள் என்னவென்றால் பழையதில் 12-ஆம் வரி முதல் 7 வரி, புதியதில் 12-ஆம் வரி முதல் 9 வரி. ஆனால் அந்தப் பெயர் மாறிய ஃபங்ஷனின் பெயர் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அந்தத் துண்டு தொடங்குவதற்கு மேலே கடைசியாகக் கண்ணில் பட்ட தலைப்பு வரி. ஒரு ஃபங்ஷனுக்குக் கீழே புதியதாக ஒன்று சேர்த்தால் மேலே உள்ள அப்பாவியின் பெயர்தான் வரும். உங்கள் ரிவ்யூவர் வேறு எங்காவது இதே மாதிரி "ஏன் தொட்டாய்" என்று கேட்டிருந்தால் அங்கே இதையும் பாருங்கள்.


உயிர்மெய்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் நிரல் எழுதுகிறவன் இல்லை, மொழிபெயர்ப்பு ஃபைல்களும் உதவிப் பக்கங்களும் கிட்டில் வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு பத்தி முழுவதும் ஒரே வரி. ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனதைச் சேர்த்தால் எண்பது சொல் சிவப்பு, எண்பது சொல் பச்சை, எங்கே மாறியது என்று விரலை வைத்துத் தேட வேண்டும். --வேர்ட்-டிஃப் போட்டதும் அந்த ஒரு சொல் மட்டும் தெரிகிறது, அதுவரை நிம்மதி. ஆனால் சொல்லுக்குள்ளும் எந்த எழுத்து என்று பார்க்க ஆசைப்பட்டு எழுத்து எழுத்தாகப் பிரிக்கச் சொன்னேன், கொம்பு ஒரு நிறத்தில், எழுத்து ஒரு நிறத்தில், நடுவில் புள்ளி வட்டம் எல்லாம் வந்து பார்க்கவே பயங்கரமாக இருந்தது. இதற்கு வழி உண்டா?

இன்னொரு மர்மம்: இரண்டு சொல்லும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறது, ஆனால் மாறியதாகக் காட்டுகிறது!


கீற்று:

உயிர்மெய், பெயருக்கு ஏற்ற பிரச்சினையோடு வந்திருக்கிறீர்கள். யூனிகோடில் "கி" என்பது ககரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, இரண்டு குறியீடு. பிரிக்கச் சொன்ன நீங்கள் ஒரு குறியீட்டை ஓர் எழுத்து என்று சொல்லியிருப்பீர்கள், அது கொக்கியைத் தனியாகக் கழற்றிவிட்டது. என் அனுபவத்தில் சொல் அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. வாக்கியத்துக்கு ஒரு வரி என்று ஃபைலையே உடைத்து எழுதினால் இன்னும் நல்லது, பக்கமாகத் தொகுக்கும்போது பெரும்பாலும் அவை ஒரே பத்தியாகச் சேர்ந்துவிடும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது: "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் இருக்காது, பைட்டில் இருக்கும், கிட் பார்ப்பது பைட்டை. இரண்டு பேர் இரண்டு விதமான விசைப்பலகை மென்பொருளில் தட்டச்சு செய்தால் இது நடக்கலாம். ஃபைலை என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து ஒரே சீராக எழுதும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டு, அதைத் தனிக் கமிட்டாகப் போட்டுவிடுங்கள் (வெற்றுவரி மகிழ்வார்). தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் சாய்கோடும் எண்ணுமாகத் தெரிந்தால் கோர்.கோட்பாத் என்ற கிட் அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், பெயர் பெயராகத் தெரியும்.


பச்சை_சிவப்பு:

யாரும் டிஃப்டாஸ்டிக் என்ற கருவியைப் பற்றிச் சொல்லவில்லையே? இந்த வரிச் சண்டையே வேண்டாம், அது ட்ரீ-சிட்டர் என்ற நிரல் அலசும் மென்பொருளை வைத்து நிரலின் இலக்கணத்தையே பிரித்துப் பார்த்து ஒப்பிடும். ஒரு நிபந்தனைக்குள் பத்து வரியைத் தள்ளி வைத்தால் வரி டிஃப் பத்தையும் சிவப்பாக்கும், இது வெளியே போட்ட உறையை மட்டும் காட்டும்.


டெர்மினல்_தாத்தா:

நல்ல கருவிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது கண்ணுக்கு மட்டும். அந்த வெளியீட்டை எடுத்து பேட்ச் ஆகப் போட முடியாது, பெரிய ஃபைலில் மாற்றமும் நிறைய இருந்தால் மூச்சு வாங்கும். பத்து வரியைத் தள்ளிய விஷயத்துக்கு மட்டும் என்றால் -டபிள்யூ போதும், வெற்றிட வித்தியாசத்தை விட்டுவிடும். பைத்தானில் மட்டும் அதை நம்பி ஒப்புதல் கொடுக்காதீர்கள், அங்கே வெற்றிடம்தான் அர்த்தம். ஒரு வரி லூப்புக்கு வெளியே வந்துவிட்டதை அந்த -டபிள்யூ எனக்கு ஒருமுறை மறைத்துக் காட்டியிருக்கிறது, சரி என்று நானே பெயர் போட்டு அனுப்பினேன்.


அரைப்புள்ளி:

கடைசியில் வெற்றுவரி வழியில்தான் போனேன். கமிட்டைப் பின்னால் இழுத்து, ஹங்க் ஹங்காக (துண்டு துண்டாக) சேர்க்கலாம் என்று -பி போட்டால் அங்கேயும் அந்தக் கிழிந்த துண்டுகள்தான் வந்து நின்றன, எதைச் சேர்க்க, எதை விட என்றே புரியவில்லை. பிறகு டிஃப்.அல்காரிதத்தை ஹிஸ்டோகிராமுக்கு மாற்றிவிட்டு -பி ஓட்டினேன், பச்சை தனி, சிவப்பு தனியாக வந்தது, இரண்டு நிமிடத்தில் பிரித்துவிட்டேன். ஆக கீற்றும் வெற்றுவரியும் இரண்டு பேருமே தேவைப்பட்டீர்கள். வரி முடிவுக் குழப்பத்தைத் திருப்பிவிட்டு அந்த ஒரு சொல்லை மூன்றாவது கமிட்டாகப் போட்டேன்.

ரிவ்யூவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு கேள்வி: "இப்போது தொகை_கணக்கிடு டிஃப்பில் வரவே இல்லையே, அந்த மாற்றத்தை எடுத்துவிட்டீர்களா?" தாத்தாவின் 11, 13 கணக்கை அப்படியே ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.